பத்தாம் காம்பராவுக்குப் போன வயர்

மாலை ஆறு மணி இருபது நிமிடம். முதலில் கண்டது: திறந்திருந்த ஒன்பது கதவுகள், சாத்தியிருந்த ஒரு கதவு.

இது என் பழைய வேலைச் சீட்டு ஒன்றில் நானே எழுதிய வரி. தெஹியோவிட்டவில் ஒரு தொலைக்காட்சிக் கடையில் இருபத்தாறு ஆண்டுகள் அன்டெனா பூட்டும், அதாவது பொருத்தும், வேலை செய்தேன். முதலாளி ஹாஷிம் நானா; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எந்த வேலைக்குப் போனாலும் ஒரு சீட்டு எழுத வேண்டும் என்பது அவருடைய சட்டம். வந்த நேரம், முதலில் கண்டது, செய்தது, புறப்பட்ட நேரம், கடைசியில் கண்டது என்று ஐந்து வரிகள். ஆறாவது வரி பிற்பாடு சேர்ந்தது: ‘இரண்டு வேறு சேனல்களில் பார்த்தாயா?’

ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இப்போது ஊரில் பல வீடுகளில் அறைக்கு ஒரு தொலைக்காட்சி இருக்கிறது. ஒரே டிஷ்ஷில் எல்லா அறைக்கும் டிஜிட்டல் படம் வருமா என்று கேட்டுக் கடைக்கு ஆட்கள் வருகிறார்களாம். கடையில் இன்று வேலை செய்கிறவர்கள் போன மாதம் என்னைக் கூப்பிட்டு, அந்த ஆறாவது வரி எதற்கு என்று கேட்டார்கள். ஒவ்வொரு சீட்டிலும் அதை நிரப்புகிறார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. காரணம் நான். அதை எழுதிவைக்கிறேன்.

கடைக்கு வருவதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்கு எங்கள் பகுதிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலும் வெள்ளமும் மண்சரிவும். பாதி அச்சேறவில்லை. அங்கே கற்றது ஒன்றுதான்: நேரத்தை எழுது, கண்டதை எழுது, நினைத்ததை எழுதாதே. ஹாஷிம் நானா என்னை வேலைக்கு எடுத்ததும் அதற்காகத்தான். “பேப்பருக்கு எழுதினவனா? அப்ப சீட்டு எழுதுவாய். கூரையில ஏறுறது பழகிக்கலாம்” என்றார்.

கூரையில் ஏறப் பழகினேன். முதல் பத்து ஆண்டுகள் மீன் முள் போன்ற அலுமினிய அன்டெனாக்கள். இரும்புக் குழாயைத் திருப்பிக்கொண்டே “இப்ப எப்படி” என்று கீழே கத்துவோம். “புள்ளி புள்ளியா இருக்கு” என்று பதில் வரும். பிறகு டிஷ் வந்தது, புள்ளிகள் போயின. டிஜிட்டலில் மங்கலான படம் என்று ஒன்று கிடையாது. ஒன்று முழுப் படம் வரும், அல்லது கட்டம் கட்டமாக உடைந்து ஒன்றுமே வராது.

நானா சத்தம் போட்டு ஏசியதை நான் கேட்டதில்லை. வேலை முடிந்த வீட்டுக்குத் திடீரென்று வருவார். வீட்டுக்காரர் கொடுக்கும் தேநீரை வாங்கிக்கொண்டு வெளிச்சுவருக்குப் போவார். வயர் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அது ஒரு கை அளவு தொங்கி மேலே ஏற வேண்டும். அப்போதுதான் மழைநீர் வயரோடு உள்ளே போகாமல் அந்தத் தொங்கலில் சொட்டும். நானா அந்தத் தொங்கலில் விரல் வைத்துப் பார்ப்பார். இருந்தால் தேநீரைக் குடிப்பார். இல்லாவிட்டால் குடிக்காமல் கோப்பையைத் திட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். கோப்பையைப் பார்த்து நாங்கள் மறுபடி ஏணியை எடுப்போம்.

என் முதல் பெரிய தவறு ஒரு பெப்ரவரியில் நடந்தது. ரப்பர் மரங்கள் இலை உதிர்த்து மொட்டையாக நின்றன. ஒரு கணக்கப்பிள்ளை வீட்டில் டிஷ்ஷை அந்தக் கிளைகளுக்கு நடுவே குறிவைத்தேன். மீட்டர் நன்றாகக் காட்டியது. மரங்கள் தளிர்த்து இலை முற்றியதும் படம் போய்விட்டது. நானா என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் மேலே பார்க்கச் சொன்னார்.

“முதல்ல என்னத்த கண்ட?”

“வானத்த, நானா.”

“அந்த மாசத்து வானத்த கண்டிருக்கிறாய்” என்றார். அவ்வளவுதான். டிஷ்ஷை வீட்டின் மறுபக்கம் மாற்றினேன்.

இனி அந்த ஒன்பது கதவுகள்.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அதன் கீழ்ப்பிரிவில், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள் பத்து கொண்ட ஒரு லயம். லயத்து வீட்டைக் காம்பரா என்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா. அந்த வருடம் தோட்ட நிர்வாகம் கூரைக்குப் புதுத் தகரம் போட்டது. பழைய தகரத்தில் பத்து டிஷ்கள் இருந்தன. டிஷ்ஷுக்கு நாலு ஆணி, ஆணிக்கு ஓர் ஒழுக்கு. புதுத் தகரத்தில் ஒரு ஆணிகூட விழக் கூடாது என்று தோட்ட அதிகாரியான தொரை சொல்லிவிட்டார்.

முதலாம் காம்பராவில் இருந்தவர் முத்துலெட்சுமி. ரப்பர்ப் பால் வெட்டுகிறவர், நாற்பது வயதிருக்கும். அவர்தான் கடைக்கு வந்தார். தரையில் ஒரு கம்பம் நட்டு ஒரே டிஷ்ஷை வைத்துப் பத்துக் காம்பராவுக்கும் கொடுக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். மற்ற ஒன்பது குடும்பங்களையும் அவர் சம்மதிக்க வைத்தது என் வேலையைவிடக் கடினமான காரியம். தன் டிஷ்ஷை இறக்கிப் பொதுவில் சேர யாருக்கும் மனம் வராது. “நான் பொறுப்புன்னு சொல்லித்தாண்ணே கழட்ட வச்சிருக்கேன். கவுத்துறாதீங்க” என்றார்.

ஒரு சனிக்கிழமை பூட்டினேன். முதலாம் காம்பராவின் பக்கவாட்டில், மரம் மறைக்காத இடத்தில், முழங்கால் ஆழக் குழி தோண்டிச் சிமெந்துக் கலவையில் கம்பத்தை நிறுத்தினேன். தூக்குக்குண்டு போட்டு நேர் பார்த்தேன். மின்னல் அதிகமான பகுதி என்பதால் கம்பத்திலிருந்து செப்புக் கம்பியை மண்ணுக்குள் இறக்கினேன். டிஷ்ஷிலிருந்து வந்த வயரை ஒரு பெருக்கியில் கொடுத்து, பிறகு ஸ்பிளிட்டர் என்னும் பிரிப்பான்களில் பத்தாகப் பிரித்தேன். பத்து வயர்களும் கூரை விளிம்புக்கு அடியில் வரிசையாகப் போயின. ஒவ்வொரு வாசலிலும் தொங்கல் விட்டேன். ஒவ்வொரு முனையிலும் என் கறுப்பு நாடாவைச் சுற்றி ஓரத்தைக் கொஞ்சம் மடித்துவிட்டேன். யாராவது அவிழ்த்தால் அந்த மடிப்பு கலைந்துவிடும்; அது என் அடையாளம்.

மாலையில் பத்துக் காம்பராவிலும் படம் பார்த்தேன். அன்றைக்கு ஒரு தமிழ்ச் சேனலில் பாட்டுப் போட்டி நடந்தது. லயம் முழுவதும் அதையே போட்டிருந்தார்கள். முதல் வீட்டில் ஆரம்பித்த பாட்டைப் பத்தாவது வீட்டில் முடியக் கேட்டேன். சீட்டில் ‘பத்தும் சரி’ என்று எழுதினேன். நானாவும் வந்திருந்தார். தொங்கலில் விரல் வைத்துப் பார்த்தார், தேநீர் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து முத்துலெட்சுமி கடைக்குத் தொலைபேசியில் பேசினார். பத்தாம் காம்பராவின் வயரை வெட்ட வேண்டும். ஒன்பது குடும்பமும் சேர்ந்து எடுத்த முடிவு.

பத்தாம் காம்பராவில் இருந்தவர்கள் ராஜேந்திரனும் அவருடைய மனைவி சோமாவதியும். ராஜேந்திரனுக்கு ரப்பர் புகைக்கூடத்தில் வேலை. சோமாவதி வரக்காப்பொலவைச் சேர்ந்த சிங்களப் பெண். கல்யாணமாகி ஆறு வருடமாக லயத்தில் இருந்தார். தினமும் ஆறரைக்கு அவர் தொலைக்காட்சி போட்டதும் மற்ற ஒன்பது காம்பராவிலும் படம் உடைந்துவிடுகிறது. அவர் வீட்டில் மட்டும் தெளிவாக வருகிறது. அவர் அணைத்ததும் எல்லோருக்கும் திரும்பி வருகிறது. முத்துலெட்சுமி சொன்ன புகார் இதுதான்.

அவர்கள் சொன்ன காரணம் தண்ணீர்க் குழாயிலிருந்து வந்தது. லயத்துக் குழாயில் சரிவின் கீழே இருக்கும் காம்பரா திருகைத் திறந்தால் மேலே சொட்டு வராது. பத்தாம் காம்பரா கீழ் முனையில் இருந்தது. ஆகவே சோமாவதி ஏதோ ஒரு கருவியைப் பூட்டி எல்லார் படத்தையும் இழுத்துக்கொள்கிறாள் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

நானாவிடம் சொன்னேன். “வெட்டச் செல்றாங்க, வெட்டத்தான் வேணும். அவங்கட டிஷ்” என்றார்; ‘சொல்’ அவர் வாயில் ‘செல்’ ஆகும். பிறகு, “பார்த்துட்டு வெட்டு” என்றார்.

ஆறு இருபதுக்கு நான் போய் இறங்கியபோது வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒரு வேலைக்குச் சாட்சி நிற்பதுபோல நின்றார்கள். வெட்டுக்குறடு என் பையில் இருந்தது.

“ஆறரை ஆகட்டும்ணே. கண்ணால பாத்துட்டு வெட்டுங்க” என்றார் முத்துலெட்சுமி.

முதலாம் காம்பராவில் உட்கார்ந்தேன். தமிழ் நாடகம் தெளிவாக ஓடியது. ஆறு முப்பத்தொன்றுக்குக் கட்டம் கட்டமாக உடைந்து நீலத்திரை வந்தது. சுவருக்கு அப்பாலிருந்து ஒரு பெண் குரல், “ஆரம்பிச்சுட்டா மகாராணி” என்றது.

நான் நடந்து போய்ப் பத்தாம் காம்பராவின் கதவைத் தட்டினேன். சோமாவதி திறந்தார். பின்னால் சிங்கள நாடகம் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நியாயப்படி வயர் நீளம் கூடிய அந்தக் காம்பராவில்தான் படம் முதலில் உடைய வேண்டும். கட்டிலின் மேல் பூப்போட்ட துணியில் ஒரு மூட்டை கட்டியிருந்தது.

“வெட்ட வந்தீங்கதானே?” என்றார் சிங்கள ஓசை கலந்த தமிழில். “ஹரி, சரி, வெட்டுங்க. நாளைக்கு நான் அம்மா வூட்டுக்குப் போறேன். இவரு வந்தா வரட்டும், இல்லாட்டி இங்கயே இருக்கட்டும். தண்ணி பைப்புகிட்ட போனா எல்லாரும் பேச்ச நிப்பாட்டுறாங்க. அனே, ஐயோ, எத்தன நாளைக்கு?”

“நாடகத்த நிப்பாட்டிப் பாக்கலியா?”

“ஒரு நாள் நிப்பாட்டினேன். அப்ப, பாத்தியா, அவதான் செஞ்சிருக்கான்னு சொன்னாங்க.”

வயரின் முனையைப் பார்த்தேன். கறுப்பு நாடாவின் மடிப்பு நான் விட்டபடியே இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

அந்த மடிப்பைப் பார்த்த பிறகு குறடு என் பையிலேயே இருந்தது.

அவரைத் தமிழ்ச் சேனல் ஒன்றுக்கு மாற்றச் சொன்னேன். மாற்றினார். மேலேயிருந்து “வந்திருச்சு” என்று குரல் வந்தது. திரும்பவும் சிங்களச் சேனல். “போயிருச்சு.” ஆக, பெட்டியைப் போடுவதால் படம் போகவில்லை, சேனலை மாற்றுவதால் போகிறது. இது சோமாவதியின் பெட்டியில் மட்டும்தானா என்று பார்க்க வேண்டியிருந்தது.

“அக்கா, பெட்டிய அணைங்க. வயரக் கழட்டி முனையக் கையில புடிச்சுக்கிட்டு வாசல்ல நில்லுங்க. எல்லாரும் பாக்குற மாதிரி.”

“என்னத்துக்கு?”

“நில்லுங்க, சொல்றேன்.”

வெளியே வந்து நின்றார். கையில் வயர் முனை. பார்வை எதிரே இருந்த வாய்க்கால் மேல்.

நான் முதலாம் காம்பராவுக்குத் திரும்பினேன். படம் வந்திருந்தது. முத்துலெட்சுமியிடம் ரிமோட்டைக் கொடுத்து, “சிங்களச் செய்தி வர்ற சேனலப் போடுங்க” என்றேன்.

“நம்ம வூட்டுலயா?”

“போடுங்க.”

போட்டார். செய்தி வாசிப்பவரின் முகம் தெளிவாக வந்தது. அதே நொடியில் இரண்டாம் காம்பராவிலிருந்து, “இந்தா, திரும்பவும் இழுத்துட்டா. பத்தாம் நம்பருக்குப் பொறுக்கல” என்ற குரல். மூன்றாம் காம்பராவிலிருந்து அதைவிட மோசமான ஒன்று. அதை எழுதவில்லை.

முத்துலெட்சுமி கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய் வரிசையின் கடைசியைப் பார்த்தார். சோமாவதி வயர் முனையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். ஏசியவர்களும் வெளியே வந்து அதையே பார்த்தார்கள்.

“நான்தாண்டி மாத்துனேன்” என்றார் முத்துலெட்சுமி. குரல் உயரவில்லை.

“ஞாயித்துக்கிழம நாலாம் நம்பர்ல மாட்ச் பாக்குறப்பவும் மத்த வூடுகள்ல படம் போகுமா?” என்று கேட்டேன். நாலாம் காம்பராவில் கிரிக்கெட் பார்க்கிற அண்ணன் தம்பிகள் இருவர் இருந்தார்கள். அந்தச் சேனலும் சிங்களச் சேனல்தான்.

“போகும். அது மழையில போறது” என்றார் மூன்றாம் காம்பராக்காரர்.

“போன ஞாயிறு மழையா?”

அவர் யோசித்தார். “மழ இல்ல. மேகமா இருந்திச்சு.”

எனக்கு அப்போது விளங்கியது. டிஷ்ஷின் முன்னால் இருக்கும் தலை, இரண்டு வகை அலைகளில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் எடுக்கும். எந்த வகை வேண்டும் என்பதை வீட்டில் தொலைக்காட்சியோடு இருக்கும் டிஷ் பெட்டி வயர் வழியாகவே சொல்லும். ஒரு வகைக்குப் பதின்மூன்று வோல்ட், மறு வகைக்குப் பதினெட்டு வோல்ட். நாங்கள் பூட்டிய டிஷ்ஷில் தமிழ்ச் சேனல்கள் பதின்மூன்றில் இருந்தன. சிங்களச் சேனல்கள் பதினெட்டில். ஒரு வீட்டுக்கு ஒரு டிஷ் என்றால் சிக்கல் இல்லை. பத்துப் பெட்டிகளைச் சாதாரணப் பிரிப்பானில் சேர்த்தால் கூடிய வோல்ட்தான் தலையை எட்டும். ஒன்பது பேர் பதின்மூன்று கேட்டாலும் ஒருவர் பதினெட்டு கேட்டால் பதினெட்டுத்தான். இதற்கென்று தனிக் கருவி இருக்கிறது; மல்டிசுவிட்ச் என்று பெயர். அது இரண்டு வகையையும் தனித்தனி வயரில் வாங்கி, அந்தந்த வீடு கேட்டதை அந்தந்த வீட்டுக்குக் கொடுக்கும். நான் அதைப் போடவில்லை. அன்று பத்து வீட்டிலும் ஒரே பாட்டைக் கேட்டுவிட்டுப் ‘பத்தும் சரி’ என்று எழுதியிருந்தேன்.

லயத்துக்கு மேலே கோயில் திருப்பத்தில்தான் தொலைபேசி எடுபடும். அங்கே போய் நானாவுடன் பேசினேன்.

“முதல்ல என்னத்த கண்ட?”

சொன்னேன். மூட்டையையும் சொன்னேன்.

“பூட்டின அன்டைக்கு எத்தன சேனல்ல பார்த்தாய்?”

“ஒண்ணுல, நானா.”

“நானும் அங்க ஈந்தேன்தானே அன்டைக்கு. தொங்கல பார்த்தேன், சேனல பார்க்கல்ல” என்றார். பிறகு, “அவங்ககிட்ட செல்லிட்டியா?”

“இன்னும் இல்ல. சாமான் பழுதுன்னு சொல்லி மாத்திரலாமான்னு...”

“சாமான் பழுதுன்னா அந்தப் புள்ள பழுதாக்கினதுன்னு செல்லுவாங்க. உண்மைய செல்லிட்டு வா. சுவிட்ச் கொழும்பிலிருந்து எடுக்கணும். வியாழக்கிழமை பூட்டலாம்.”

திரும்பி வந்தபோது எல்லோரும் வெளியே இருந்தார்கள். ராஜேந்திரனும் வேலை முடிந்து, புகை வாசத்தோடு வந்து நின்றார். நான் வாய்க்கால் ஓரமாக நின்று சொன்னேன். பூட்டியது தவறு, பூட்டியது நான், பத்தாம் காம்பராவில் ஒரு கருவியும் இல்லை, அவர்கள் வயரைத் தொடக்கூட இல்லை. எந்தக் காம்பராவில் சிங்களச் சேனல் போட்டாலும் மற்ற வீடுகளில் இதுதான் நடக்கும்.

“அப்ப மூணு வாரமா நாங்க அவள ஏசுனது உங்களையா?” என்றார் இரண்டாம் காம்பராக்காரர்.

“என்னையத்தான் ஏசியிருக்கணும்.”

“இனி ஏசுனா படம் வருமா” என்றார் அவர். இரண்டு பேர் சிரித்தார்கள். சோமாவதி சிரிக்கவில்லை.

வியாழக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அதுவரை ஒரு நேரத்தில் ஒரு வகைச் சேனல்தான் பார்க்க முடியும் என்றேன். வயரை வெட்டாவிட்டாலும் கழற்றியாவது வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். முத்துலெட்சுமி திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணும் கழட்ட வேணாம். ஆறரைக்கு அவ நாடகம். அர மணித்தியாலம்தானே. நம்ம நாடகம் ராத்திரி திரும்பப் போடுவான், அப்ப பாத்துக்கலாம்.”

“அந்த நேரத்துல நாங்க செவுத்தப் பாக்குறதா?”

“நீயும் அதையே போட்டுப் பாரு. ஒனக்குச் சிங்களம் தெரியாதா? சந்தையில முதலாளிமாரோட வெல பேசுறப்ப மட்டும் தெரியும், நாடகம் பாக்குறப்ப மறந்துருமா?”

ராஜேந்திரன் மனைவியின் கையிலிருந்த வயர் முனையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். சோமாவதி வாசலிலேயே நின்றார். முத்துலெட்சுமி அவரிடம் ஏதோ சொல்லப் போனார்; எட்டாம் காம்பரா வரை போய் நின்றுவிட்டார். பிறகு அங்கிருந்தே, “அந்த நாடகத்துல, அந்தப் பொண்ணு யாரு, டொக்டரோட தங்கச்சியா?” என்று கேட்டார்.

சோமாவதி அவர் பக்கம் திரும்பினார். “தங்கச்சி இல்ல. மொதல் தாரத்து மக” என்றார்.

அன்றைய சீட்டில் ‘செய்தது’ என்ற வரியில் ‘வெட்டவில்லை’ என்று எழுதினேன்.

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நானாவும் என்னோடு வந்தார். டிஷ்ஷின் தலையை மாற்றி, இரண்டு வகைக்கும் தனித்தனி வயர் இறக்கினோம். முதலாம் காம்பராவின் பக்கச் சுவரில் தகரப் பெட்டிக்குள் சுவிட்சைப் பூட்டி, பழைய பிரிப்பான்களைக் கழற்றினோம். பத்து முனைகளையும் புதிதாக வெட்டிப் புது நாடா சுற்றினேன். பிறகு நானா ஒரு காம்பராவிலும் நான் இன்னொன்றிலும் நின்றுகொண்டு, அவர் தமிழ் போட நான் சிங்களமும், நான் தமிழ் போட அவர் சிங்களமும் போட்டுப் பார்த்தோம். பத்தையும் இப்படி ஜோடி ஜோடியாகப் பார்த்து முடிய மூன்று மணித்தியாலம் ஆனது. லயத்துக்காரர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. “நானா, நம்ம வூட்டுல இந்திப் படம் போட்டுப் பாருங்க” என்றார் நாலாம் காம்பராக்காரர். “அதுக்கு வேற டிஷ் வேணும் மகன்” என்றார் நானா.

பத்தாம் காம்பராவில் சோமாவதி தேநீர் கொடுத்தார். கட்டிலில் மூட்டை இல்லை. பூப்போட்ட துணி தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் விரித்திருந்தது. நானா வெளியே போய்த் தொங்கலில் விரல் வைத்துப் பார்த்தார். உள்ளே வந்து ரிமோட்டை எடுத்து இரண்டு சேனல்களை மாற்றிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கோப்பையை வாயில் வைத்தார். என் சட்டைப் பையிலிருந்த சீட்டை வாங்கி, பேனாவால் அடியில் ஒரு வரி எழுதினார். அடுத்த மாதம் அந்த வரியோடு சீட்டுகள் அச்சாகி வந்தன.

சாமான்களைக் கட்டிக்கொண்டு லயத்தின் முன்னால் நடந்தபோது, வழக்கப்படி ‘கடைசியில் கண்டது’ என்ற வரிக்காக ஒவ்வொரு வாசலையும் பார்த்தேன். இப்போது எந்தக் காம்பராவிலும் யார் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

புறப்பட்ட நேரம்: மாலை ஆறு நாற்பது. கடைசியில் கண்டது: பத்துக் காம்பராக்களில் ஏழில் ஆறரை மணிச் சிங்கள நாடகம் ஓடிக்கொண்டிருந்தது.